மழைக்கு வக்காலத்து

எங்கள் அத்தைக்கு யார் மேலும் குறை சொல்லத் தெரியாது. எனக்கோ குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், எண்ணெய் பட்ட இடம், முடிச்சு விழுந்த இடம் எல்லாவற்றையும் பிடித்து ஒதுக்க வேண்டும். செய்து செய்து கண் அப்படியே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் எந்த இலை கிழிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தெரியும். இப்படிப்பட்டவள் அத்தையோடு எப்படி ஒட்டிக்கொண்டேன் என்று எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை ஆச்சரியம்.

அத்தை போய்ச் சில வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்களுக்கு எதிர்வீடு. செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில், அவளுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. காலையில் தூக்குவாளியோடு மினிபஸ் ஏறிப் போவாள், பொழுது சாயத் திரும்புவாள். தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மழை வக்கீல்.

அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போயிருக்கும், மண் நனைய ஒரு தூறல் இருக்காது. குழாயடியில் எல்லோரும் மழையைக் கரித்துக் கொட்டுவார்கள். அத்தைக்குப் பொறுக்காது.

"எதுக்கு அத ஏசுறீக? அது என்ன வேணும்னா செய்யுது? காத்து சரியாக் கூடலையாம். இந்த வருசம் மட்டும்தான். அடுத்த வருசம் வட்டியும் மொதலுமா ஊத்தும், பாருங்க."

அடுத்த வருஷமும் இதையே சொல்வாள். முகத்தில் ஒரு வெட்கமும் இருக்காது. தை மாதத்தில் பனியே இல்லாமல் ராத்திரியெல்லாம் புழுங்கியது. பூக்க வேண்டிய மாமரம் பூவை மறந்துவிட்டுத் தளிர் விட்டது. "பிள்ளத்தாச்சிக்கு நாள் தள்ளிப்போறதில்லையா, அது மாதிரிதான்" என்றாள். தப்பித் தவறிப் பூத்த மரங்களிலும் மாசியில் ஒரு மழை வந்து பூவையெல்லாம் உதிர்த்துவிட்டுப் போனது. தோப்பு முழுக்கக் கருகின பூ. நான் வாயில் வந்தபடி மழையைத் திட்டினேன். அத்தை அந்தப் பூச்சருகின் மேலேயே நின்றுகொண்டு, "பாவம்டி. வர வேண்டிய நேரத்துல வர முடியல. இப்பவாச்சும் வருவோம்னு வந்திருக்கு" என்றாள். நம் வீட்டுச் சுவரில் கன்னம் வைத்துத் திருட வந்தவனுக்கு நாமே மோர் கொடுத்து அனுப்புகிற கதைதான்.

தூத்துக்குடி மீன் கொண்டுவருகிற அக்கா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சாளையே இல்ல ஆச்சி. கடத்தண்ணி சுடுதாம்ல. மீனெல்லாம் வேற பக்கம் போயிருச்சுன்னு சொல்லுதாவ" என்று புலம்பினாள்.

அத்தை யோசிக்கக்கூட இல்லை. "ஏன், கடலுக்கு மேலுக்குச் சுகமில்லாமப் போகக் கூடாதா? நமக்கெல்லாம் காய்ச்சல் வரல? இந்த வருசம் மட்டும் இருக்கும் தாயி" என்றாள்.

அவளுக்கு ஒரே மகன். ராணுவத்தில் இருந்தான். காஷ்மீருக்கும் மேலே, வருஷம் பூரா ஐஸ் இருக்கிற மலையில் போஸ்டிங். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு இறங்கி வரும்போதெல்லாம் வீடியோவில் கூப்பிடுவான். ஒருதரம் போனைத் திருப்பிக் காட்டினான். கறுத்த பாறைகளுக்கு நடுவில் கலங்கலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"போன தடவ நான் வந்தப்ப இதெல்லாம் ஐஸும்மா. இது மேலதான் டெண்ட் போட்டிருந்தோம். இப்ப எங்கள எடம் மாத்திட்டாங்க. கால் வைக்கவே பயமா இருக்கு. எந்த எடத்துல உள்வாங்கும்னு தெரியல."

அத்தை போனைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தாள். நம் ஓடையில் தண்ணீர் வந்ததும் போய்ப் பார்ப்பாளே, அந்த ஆசைதான் முகத்தில் தெரிந்தது.

"இந்த வருசம் மட்டும் இருக்கும்யா. அடுத்த வருசம் மறுபடி ஒறஞ்சிரும். நீ பாத்துக் கால வையி."

ஐஸ் மலைக்கும் இவளே வக்கீல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மகன் சிரிக்கவில்லை.

இந்தப் பழக்கம் அவளுக்கு மாமாவிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்லுவாள். மாமா இளவயதில் பெரிய குடிகாரர். தெருவில் விழுந்து கிடப்பார். தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அத்தை, "இன்னைக்கு மட்டும்தான்ணே. வெயில்ல அலைஞ்சிட்டு வந்தாக" என்பாளாம். மறுநாளும் அதே வெயில், அதே அலைச்சல். எத்தனையோ வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமலே, மாமா குடியை விட்டார். சாகும்வரை தொடவில்லை. அத்தைக்கு அது போதுமாக இருந்தது. பொறுத்திருந்தால் திருந்தும் என்பதைக் கண்ணால் கண்டவள் அவள். மனுஷனே திருந்தும்போது மழை திருந்தாதா என்று நினைத்திருப்பாள்.

அத்தை வாயைத் திறந்து ஏசி நான் கேட்டது ஒருத்தியைத்தான். அவள் மனுஷி இல்லை, தோப்பில் இருந்த மலை அணில். எங்கள் மலைப்பக்கத்து அணிலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக் கூரையில் ஓடுகிற அணில் இல்லை இது. பூனை அளவு இருக்கும், உடம்பை விட வால் நீளம். மேலெல்லாம் சாம்பலைத் தூவிவிட்டதுபோல நரை. தரையில் இறங்கவே இறங்காது. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போய்க்கொண்டிருக்கும்.

"ஏட்டி நரைச்சவளே! ஒரு காயத் தின்னா முழுசாத் தின்னு. கடிச்சுக் கடிச்சுப் போடுதியே, ஒங்கப்பனா நட்டான்?" என்று அத்தை கீழே நின்று கத்துவாள். அது வாலை மடக்கிப் போட்டுக்கொண்டு மேலேயிருந்து பார்க்கும். காய் பறிக்க ஆள் வருகிறபோது மட்டும் அத்தை மரத்தடியில் வந்து நின்றுகொண்டு, "உச்சிக் கெளைய விட்ருங்கப்பா. அம்புட்டு ஒசரம் ஏறி விழுந்து வைக்காதீக" என்பாள். உச்சிக் கிளை யாருக்கு என்று பறிக்கிறவர்களுக்கும் தெரியும்.

அணிலுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி இருந்தது. தோப்புக்கும் மலைக்கும் நடுவே ஓடை. ஓடையின் இரண்டு கரையிலும் மருத மரங்கள் கைகோத்த மாதிரி நிற்கும். அதன் வழியாகத்தான் போக்குவரத்து. ஆண் அணில் அங்கிருந்து கடகடவென்று சத்தம் கொடுத்தால் இவள் இங்கிருந்து பதில் கொடுப்பாள்.

அடுத்தடுத்து மழை பொய்த்ததில் அந்த மருத மரங்கள் காய்ந்தன. ஓடைக்கரை மருதம் காய்ந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. விறகுக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். அத்தை விடவில்லை. "வேர்ல உசுரு இருக்கும். இந்த வருசம் மட்டும்தான் இப்படி நிக்கும்" என்றாள். மொட்டைக் கிளையானாலும் அணில் அதன் மேல்தான் போய் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் காற்று வந்தது. மழை செத்த நேரம்தான் பெய்தது. காற்று மட்டும் பேயாட்டம் ஆடிவிட்டுப் போனது. காய்ந்த மருதங்கள் முறிந்து ஓடைக்குள் விழுந்தன. மாங்காயும் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் தோப்புக்கும் மலைக்கும் நடுவே வெறும் வானம். இவள் இந்தப் பக்கம், ஜோடி அந்தப் பக்கம். தோப்பிலோ தின்ன அதிகம் மிச்சமில்லை. கீழே இறங்கி ஓடைமணலைக் கடக்கலாம் என்றால் சுற்றிலும் தோப்பு நாய்கள். அத்தையே காட்டுப்பன்றியை விரட்ட ஒரு நாய் வைத்திருந்தாள். நல்ல ராஜபாளையத்து நாய். வெள்ளை வெளேரென்று இருக்கும், ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மேலே காட்டுக்குள் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றவும் தீயைக் காவல் காக்கவுமே ஆள் பற்றவில்லை, ஏதாவது வழி செய்யப் பார்க்கிறேன் என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அத்தை காத்திருக்கவில்லை. நான் வேலைவிட்டு வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நீ கழிச்சுப் போடுற துணியெல்லாம் கம்பெனியில என்ன செய்வாக?"

"எடைக்குப் போடுவாக. எதுக்கு அத்தை? யாருக்கு அடி?"

"மரத்துக்கு."

அணில் ஓடையைத் தாண்ட ஒரு வழி கட்டணும் என்றாள். மேனேஜரிடம் கேட்டேன். அணிலுக்கா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் குறை கண்டு ஒதுக்கிய ரோல்களையெல்லாம் ஷேர் ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிவிட்டது. தெருவின் இந்த முனையில் சிலர், அந்த முனையில் சிலர் நின்று துணியை முறுக்கினோம். முறுக்கிய புரிகளைச் சேர்த்து மறுபடி முறுக்கியதில் கை மொத்தத்துக்கு ஒரு வடம் வந்தது. ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடித்துப் பழகிய கைகளாயிற்றே. "ஆச்சி, அணிலுக்கு எப்பத் தேரு?" என்று ஆளாளுக்குக் கேலி. அத்தையும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

தேங்காய் பறிக்கிறவரைக் கூப்பிட்டு இந்தக் கரைப் புளியமரத்துக்கும் அந்தக் கரை இலவ மரத்துக்குமாக வடத்தைக் கட்டினாள். வெயிலில் பளீரென்று வெள்ளையாகத் தொங்கியது. மினிபஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "மரத்துக்குக் கட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார்கள்.

அணில் வந்தது. முகர்ந்தது. திரும்பிப் போய்விட்டது.

"பிளீச்சிங் வாடை அத்தை. அதான்" என்றேன். எனக்கு அந்த வாடை தெரியவே தெரியாது, மூக்கு மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. ஆனாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று பட்டது. வடத்தை அவிழ்த்து இறக்கினாள். கிணற்றில் ஊறிய கொஞ்ச நஞ்சத் தண்ணீரிலேயே அலசினாள். வெள்ளை நிறமும் ஆகாது என்று செம்மண்ணைக் கரைத்து அதில் ஊறப்போட்டுக் காயவைத்து மறுபடி கட்டினாள். வடத்தின் நுனியில் ஒரு மாம்பழம், கொஞ்சம் தள்ளி ஒன்று, நடுவில் ஒன்று என்று கட்டித் தொங்கவிட்டாள். நுனியில் இருந்த பழத்தை அணில் தின்றது. முன்னங்கால் இரண்டையும் வடத்தில் வைத்தது. வடம் ஆடவும் பின்வாங்கிவிட்டது.

"புதுசுல்ல, கூச்சப்படுதா. பழகட்டும்" என்றாள் அத்தை.

பழகுவதற்குக் கத்திரி வெயில் நேரம் கொடுக்கவில்லை. அந்த வருஷ வெயில் எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புளிய இலையே சுருண்டுவிட்டது. அணிலின் குரல் கம்மிப்போனதாக அத்தை சொன்னாள். சிரட்டையில் தண்ணீர் ஊற்றிக் கிளையில் கட்டிப் பார்த்தாள். காக்காய் வந்து கவிழ்த்துவிட்டது. வேறு வழி தெரியாமல் புளியமரத் தூருக்கு அருகில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். தாகம் எடுத்தால் இறங்கிக் குடித்துவிட்டு ஏறிவிடும் என்று எண்ணம். அதற்காக நாயைப் பகலெல்லாம் பம்புசெட் ரூமில் கட்டிப் போட்டாள். அணிலும் இறங்கப் பழகிவிட்டது. மரத்தோடு ஒட்டி இறங்கும், குடிக்கும், ஏறிவிடும். தன் கண் பட்டுவிடக் கூடாது என்று அத்தை அந்தப் பக்கம் பார்க்காததுபோல உட்கார்ந்திருப்பாள்.

அன்று ஞாயிறு. நானும் தோப்பில் இருந்தேன். உச்சி வேளை. பம்புசெட் ரூமுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. அதற்கு வைத்த தண்ணீரைக் கவிழ்த்துவிட்டிருந்தது. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"வாயில்லாச் சீவன், வெந்து செத்துரும்டி. செத்த நேரம் நெழல்ல நிக்கட்டும்" என்று அத்தை போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள்.

நாய் நிழலுக்குப் போகவில்லை. தண்ணீர் வாடை தெரிந்த பக்கம் போனது. அங்கே தொட்டியில் நரைச்சவள் குடித்துக்கொண்டிருந்தாள். அத்தை கத்தினாள். அந்தச் சத்தத்தில் அணில் மரத்துக்குத் தாவாமல் திசை தப்பி ஓடை மணலில் ஓடிவிட்டது. ஒரு நொடிதான். ராஜபாளையத்து நாயின் ஓட்டத்தைப் பற்றி நாங்கள் ஊர் ஊராகப் பெருமை பேசுவோமே, அதைத்தான் அன்று பார்த்தேன்.

நாய் அதைக் கவ்விக்கொண்டு வந்து அத்தையின் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. பன்றியை விரட்டிவிட்டு வருகிறபோதும் அப்படித்தான் ஆட்டும்.

அத்தை உட்கார்ந்துவிட்டாள். அந்த நீள வாலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, அவள் அந்த 'இந்த வருசம் மட்டும்தான்' என்கிற வார்த்தையைச் சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தேன். எத்தனையோ நாள் அதைக் கேட்டு எரிச்சல்பட்டவள் நான். அன்றைக்கு அவள் அதைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இருந்தது எனக்கு.

"தண்ணியக் கீழ வச்சது நான்தானடி" என்றாள்.

"நீங்க என்ன செய்வீக அத்தை? மரம் காஞ்சது ஒங்களாலயா? வெக்க அடிச்சது ஒங்களாலயா? ஓடையில தண்ணி இருந்தா அது ஏன் தொட்டிக்கு வருது?"

நான் என்னென்னவோ சொன்னேன். ஊரில் எல்லோருக்கும் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒரு காரணம் கிடைக்கவில்லை. நாயை அவள் அடிக்கவில்லை. அன்றைக்கும் அதற்குச் சோறு வைத்தாள். அணிலை, அது காய் கடித்துப் பழகிய மாமரத்தின் கீழேயே புதைத்தோம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஜோடி அணில் சில நாள் கத்திக்கொண்டிருந்தது. கத்தும், நிறுத்தும், பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருக்கும், மறுபடி கத்தும். "அவன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. மேலே மலைக்குப் போயிருக்கும் என்றேன்.

தோப்பைக் குத்தகைக்கு விட்டாள். நாயையும் குத்தகைக்காரரிடமே விட்டுவிட்டாள். மினிபஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். குழாயடியில் மழையை ஏசினால் இப்போது தடுக்க ஆளில்லை. ஒன்றிரண்டு பேர் இவளைச் சீண்டிப் பேசவைக்கவும் பார்த்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மகன் கூப்பிடும்போது அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்க ஆரம்பித்தாள். "ஐஸ் எம்புட்டுய்யா இருக்கு இன்னும்?"

"நெறைய இருக்கும்மா. இந்த வருசம் பரவாயில்ல" என்பான் அவன். என்னிடம் போன் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "நடக்குற எடமெல்லாம் தண்ணிச் சத்தம் கேக்குது மதினி. அம்மாட்டச் சொல்லிராதீங்க" என்பான்.

மறு வருஷம் மழை வந்தது. சும்மா வரவில்லை, ஐப்பசியில் முறையாகத் தொடங்கிக் கார்த்திகை முழுக்க நின்று பெய்தது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஓடையில் வெள்ளம் போனது. தையில் நல்ல பனி விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனசு கேட்கவில்லை, தனியாகத் தோப்புக்குப் போனேன். போனால், இலையே தெரியவில்லை, அவ்வளவு பூ. முறிந்த மருதம் ஒன்றின் தூரில் விரல் நீளத்துக்குத் தளிர் வந்திருந்தது. வேரில் உயிர் இருக்கும் என்று அத்தை சொன்னது சரியாகப் போயிற்று. வடம் இன்னும் இரண்டு மரத்துக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. செம்மண் சாயத்தை மழை கழுவிவிட்டது. இப்போதுதான் கட்டுப் போட்டதுபோல வெள்ளையாக இருந்தது. அதில் போக ஆள்தான் இல்லை.

ஒரு கொத்துப் பூவை ஒடித்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தேன். அத்தை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் பூவை அவள் மடியில் போட்டேன்.

"அத்தை, நீங்கதான் கெலிச்சீக! வட்டியும் மொதலுமா ஊத்திருச்சு. மருதங்கூடத் துளுத்திருக்கு. எல்லா மரமும் பூ! ஒங்க மழை திருந்திருச்சு அத்தை!"

அத்தை பூவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நல்ல பூ என்பது அவளுக்குத் தெரியாதா? காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒடிந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக மாடக்குழியில் வைத்தாள். திரும்ப வந்து கீரையைக் கையில் எடுத்தாள்.

"இந்த வருசம் மட்டும்தான்டி" என்றாள்.